மொரோக்கோ அரபு அரசா, பெர்பர் அரசா? (விவாத இழை)

வட்டெழுத்து:

வேறொரு இழையில் வட ஆப்பிரிக்கா பற்றிப் பேச்சு வந்தபோது, "அரபுகள் வந்தார்கள், பிடித்தார்கள், பெர்பர்கள் அடங்கிப் போனார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். (பெர்பர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள்.) மொரோக்கோவைப் பொறுத்தவரை இது கதையையே தலைகீழாக்குகிறது. அதனால் தனி இழையாகத் தொடங்குகிறேன். அங்கே அரபு வம்ச அரசை யாரும் பெர்பர்கள் தலையில் கட்டவில்லை. அரபுப் படையை அடித்து விரட்டி அரை நூற்றாண்டு ஆன பிறகு, பெர்பர்களே ஓர் அரபு அகதியைக் கூப்பிட்டு அரியணையில் உட்கார வைத்தார்கள். என் வாதம் இவ்வளவுதான்.

786-இல் மக்காவுக்குப் பக்கத்தில் ஃபக் என்ற இடத்தில், அலியின் வழிவந்தவர்கள் அப்பாசியக் கலீஃபாவுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றார்கள். தப்பித்தவர்களில் ஒருவர் இத்ரீஸ். நபிகள் நாயகத்தின் பேரர் ஹசனுக்குக் கொள்ளுப்பேரர். ராஷித் என்ற பணியாளரைக் கூட்டிக்கொண்டு எகிப்து வழியாக மேற்கே போய்க்கொண்டே இருந்தவர், 788-இல் வலீலா வந்து சேர்ந்தார். ரோமர்கள் வொலுபிலிஸ் என்று அழைத்த பழைய நகரம் அது. ரோமப் படை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டது. ஊர் மட்டும் காலியாகவில்லை. இத்ரீஸ் வந்த காலத்தில் அது அவ்ரபா என்ற பெர்பர் குலத்தின் கையில் இருந்தது. அதன் தலைவர் இஸ்ஹாக் அடைக்கலம் கொடுத்தார். மறு ஆண்டே குலத்தார் கூடி இத்ரீஸுக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்து, அவரை இமாமாக ஏற்றுக்கொண்டார்கள். அப்போது அவரிடம் படை கிடையாது, பணம் கிடையாது. வம்சம் மட்டும்தான் இருந்தது.

ஏன் ஏற்றார்கள்? ஒரு குலத்தின் தலைவனை இன்னொரு குலம் தலைவனாக ஏற்காது. எந்தக் குலத்தையும் சேராத, ஆனால் எல்லோரும் மதிக்கும் வம்சத்தைச் சேர்ந்த ஒருவர் நடுவராக உட்காரலாம். அதோடு பாக்தாதுக்குக் கட்டுப்படாத இஸ்லாமிய அரசு ஒன்று தங்களுக்கே கிடைக்கிறது. அவர்கள் நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

791-இல் இத்ரீஸ் இறந்தார். அப்பாசியக் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய ஆள் நஞ்சு வைத்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு வாரிசு இல்லை; பெர்பர் மனைவி கென்ஸா மட்டும் கருவுற்றிருந்தார். குலத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? காத்திருந்தார்கள். பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. அதற்கும் இத்ரீஸ் என்றே பெயர் வைத்து, பதினொரு வயது வாக்கில் பைஅத் செய்தார்கள். அதுவரை ராஷிதும் குலத் தலைவர்களும் காரியங்களைப் பார்த்துக்கொண்டார்கள். அடிமைப்பட்ட மக்கள் தங்களை ஆள்பவன் வீட்டுப் பிள்ளை பிறப்பதற்காக இப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

இன்று ஆளும் அலவி வம்சமும் தன்னை ஹசன் வழி என்றே சொல்கிறது. அந்த வழக்கம் தொடங்கிய இடம் வலீலா.

—

கீழக்கரைவாசி:

நல்ல தொடக்கம் சார். ஒரு சந்தேகம். 788-க்கு முன்னால் நூறு ஆண்டுகளாக அரபுப் படைகள் வந்துகொண்டுதானே இருந்தன? உக்பா பின் நாஃபி, மூஸா பின் நுசைர் எல்லோரும் வந்தது படையெடுப்புதானே? 711-இல் ஸ்பெயினுக்குள் இறங்கிய தாரிக் பின் ஸியாத் பெர்பர். அவர் மூஸாவின் கீழே வேலை பார்த்தவர். அப்படியானால் அடங்கிப் போனார்கள் என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதே?

—

வட்டெழுத்து:

அந்த நூறு ஆண்டுகளின் முடிவைப் பாருங்கள். பெர்பர்கள் இஸ்லாத்தில் சேர்ந்துவிட்டார்கள்; ஸ்பெயின் போரில் முன்வரிசையில் நின்றவர்களும் அவர்களே. ஆனால் டமாஸ்கஸிலிருந்து ஆண்ட உமையா கலீஃபாக்களின் ஆளுநர்கள் அவர்களைச் சமமான முஸ்லிம்களாக நடத்தவில்லை. தோற்றவர்களிடம் வாங்குவது போல வரி வாங்கினார்கள், அடிமைகளாகப் பெண்களைக் கேட்டார்கள். டமாஸ்கஸில் குட்டித் தோலுக்கு மோகம் இருந்ததால், ஒரு நல்ல தோல் கிடைப்பதற்காகச் சினை ஆடுகளைக் கூட்டம் கூட்டமாக அறுத்து வயிற்றைக் கிழித்தார்கள். மைஸரா என்பவர் தலைமையில் ஒரு குழு கலீஃபா ஹிஷாமைப் பார்த்து இதையெல்லாம் முறையிட டமாஸ்கஸ் வரை போனது. பார்க்கவே விடவில்லை. கைச்செலவுக்குக் கொண்டுபோன பணம் தீர்ந்து, தங்கள் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் தபரியின் நூலில் வருகிறது. ஆடு மேய்த்துப் பிழைக்கிற ஜனங்களுக்கு அந்தச் சினை ஆடுகள் எப்படி வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

740-இல் தாஞ்சியரில் கிளர்ச்சி வெடித்தது. 741-இல் சிரியாவிலிருந்து வந்த பெரும்படையை செபூ ஆற்றோரம் பக்தூராவில் முறியடித்தார்கள். தளபதி குல்தூம் களத்திலேயே விழுந்தார். அதற்கப்புறம் இன்றைய மொரோக்கோ நிலம் கிழக்குக் கலீஃபாக்கள் யார் கைக்கும் திரும்பவில்லை. விரட்டியது அரபு ஆட்சியைத்தான், மதத்தை வைத்துக்கொண்டார்கள். இத்ரீஸ் வந்தது அதற்கு 47 ஆண்டுகள் கழித்து.

—

மலைநாடன்:

கதை அழகாக இருக்கிறது. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

அந்தக் காத்திருந்து பெற்ற பிள்ளை, இரண்டாம் இத்ரீஸ், பெரியவன் ஆனதும் என்ன செய்தான்? துனிசியாவின் கைரவானிலிருந்தும் முஸ்லிம் ஸ்பெயினான அந்தலூசிலிருந்தும் அரபுகளை வரவழைத்து, அவர்களையே அமைச்சராகவும் காஜியாகவும் மெய்க்காவலாகவும் வைத்துக்கொண்டான். பெர்பர் ஊரான வலீலாவை விட்டுவிட்டு ஃபெஸ் நகரத்துக்குப் போய்விட்டான். தன் தகப்பனுக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்ஹாக்கை, கைரவானை ஆண்ட அக்லபிகளோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்று சொல்லி 808-இல் கொன்றான். விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரை வெளியே தள்ளியது போலத்தான் இது முடிந்தது. கூப்பிட்டது அவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். கூப்பிட்டதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மொரோக்கோவைப் பேரரசு ஆக்கியவர்கள் இத்ரீஸ் வம்சத்தார் இல்லை. அல்மொராவித், அல்மொஹாத், மரீனித் மூன்றும் சுத்தமான பெர்பர் வம்சங்கள். சஹாராவில் முகத்தை மூடிக்கொண்டு ஒட்டகம் மேய்த்த சன்ஹாஜாக்கள், அதாவது அல்மொராவித்கள், 1070 வாக்கில் மராக்கேஷ் நகரத்தைக் கட்டினார்கள். 1086-இல் யூசுஃப் பின் தாஷ்ஃபீன் கடல் கடந்து போய் ஸல்லாகாவில் காஸ்டீல் அரசன் ஆறாம் அல்ஃபோன்ஸோவைத் தோற்கடித்தார். அந்தலூசின் அரபு குறுநில மன்னர்கள் ஒவ்வொருவராகப் பதவி இழந்தார்கள். செவில்லின் கவி மன்னன் முஃதமித், அட்லஸ் அடிவாரத்து அக்மாத் ஊரில் கைதியாகச் செத்தான். அரபு மன்னனைப் பெர்பர் மன்னன் சிறையில் வைத்த காலம் அது. அப்புறம் அட்லஸ் மலைக்குள் தின்மலிலிருந்து இறங்கிய மஸ்மூதாக்கள், அதாவது அல்மொஹாத்கள், 1147-இல் மராக்கேஷைப் பிடித்து, தங்கள் தலைவனைக் கலீஃபா என்றே அறிவித்தார்கள். அவர்களின் குரு இப்னு தூமர்த் மலைமக்களுக்குப் பெர்பர் மொழியில்தான் போதித்தார். செவில்லில் இன்று ஹிரால்டா என்று நிற்கிற கோபுரம் அவர்கள் கட்டிய பள்ளிவாசல் மினாராதான்.

—

செங்காந்தள்:

மலைநாடன் அண்ணா, அந்தப் பெர்பர் பேரரசர்களே தங்களைப் பெர்பர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கினார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சன்ஹாஜாக்கள் தங்கள் முன்னோர் யெமனின் ஹிம்யர் என்றார்கள். அல்மொஹாத் கலீஃபா அப்துல் முஃமினுக்கு கைஸ் என்ற அரபுக் குலத்தோடு வம்சாவளி எழுதிச் சேர்த்தார்கள். இப்னு தூமர்த் தன்னை நபி வழி என்றார். வாள் பெர்பர் கையில் இருந்தபோதும் பட்டயம் அரபு வம்சத்தின் பெயரில்தான் எழுதப்பட்டது. வட்டெழுத்து சொல்கிற வலீலா முடிவு எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்தக் கதையில் பெண்களையும் கொஞ்சம் கவனியுங்கள். அக்மாத் ஊர் ஸைனப் அல் நஃப்ஸாவிய்யா அல்மொராவித் தலைவர் அபூபக்ரின் மனைவி. அவர் 1071-இல் பாலைவனக் கலகத்தை அடக்கக் கிளம்பும்போது, "இந்த வெயிலை நீ தாங்க மாட்டாய்" என்று மணவிலக்குக் கொடுத்துவிட்டு, ஆட்சியை உறவினர் யூசுஃபிடம் விட்டுப் போனார். ஸைனப் யூசுஃபை மணந்தார். அபூபக்ர் திரும்பி வந்தபோது யூசுஃபுக்கு ஆட்சியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. சண்டை போடவும் விருப்பமில்லை. ஸைனப் சொன்ன யோசனைப்படி, ஊருக்கு வெளியே குதிரையிலிருந்து இறங்காமலேயே அபூபக்ரை வரவேற்று, வாரி வாரிப் பரிசு கொடுத்தார். அபூபக்ருக்குப் புரிந்துவிட்டது. பரிசை வாங்கிக்கொண்டு பாலைவனத்துக்கே திரும்பிவிட்டார். ஒரு பேரரசு ரத்தம் சிந்தாமல் கைமாறியது.

—

கீழக்கரைவாசி:

பெர்பர் ரத்தம், அரபுப் படிப்பு என்பதற்கு நம் பக்கம் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார்: இப்னு பதூதா. தாஞ்சியரில் 1304-இல் பிறந்தவர். பெர்பர்களின் லவாத்தா குலம். 1325-இல் ஹஜ்ஜுக்குக் கிளம்பியவர், டெல்லியில் துக்ளக்கிடம் காஜி, மாலத்தீவில் காஜி என்று வேலை பார்த்தார். தாஞ்சியரிலிருந்து மாலத்தீவு வரை அவரை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க வைத்தது அரபு மொழியும் மாலிகி சட்டமும்தான். பெர்பர் மொழி மட்டும் தெரிந்திருந்தால் அட்லஸ் தாண்டியிருக்க முடியாது. இதையும் மலைநாடன் சார் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாலத்தீவிலிருந்து கிளம்பியவர் மதுரை சுல்தான் கியாசுத்தீனைப் பார்க்க வந்தார். சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா டெல்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்தவர்கள். சகலையாயிற்றே என்று சலுகை காட்டவில்லை அவர். கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கழுவேற்றிக் கொன்றதைக் கண்ணால் பார்த்து, இது அருவருப்பான செயல், வேறு எந்த அரசனும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை என்கிற பொருளில் எழுதி வைத்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்ததையும் எழுதியிருக்கிறார். இவ்வளவும் எழுத்தில் வந்தது ஃபெஸ் நகரத்தில். மரீனித் சுல்தான் அபூ இனான் உத்தரவு போட, இப்னு ஜுஸய் என்ற அந்தலூஸ் எழுத்தாளர் கேட்டு எழுதினார். 1355-இல் முடிந்தது. பதினான்காம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி நமக்குக் கிடைத்த ஒரு நேரடிச் சாட்சியம் ஒரு பெர்பர் அரசவையால் காப்பாற்றப்பட்டது.

—

யாழ்_வாசகன்:

புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் அதில்தான் எழுதியிருக்கிறார். முத்துக் குவியலைக் காட்டி விரும்பியதை எடுக்கச் சொன்னாராம். அரசருக்குப் பாரசீகம் விளங்கும் என்றும் குறிப்பு உண்டு. சிவனொளிபாத மலைக்குப் போகப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். யாழ்ப்பாண அரசைப் பற்றி வெளியார் ஒருவர் நேரில் கண்டு எழுதியது என்ற வகையில் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

மொரோக்கோவோடு எங்களுக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1578 ஆகஸ்ட் 4-இல் அல்கஸர் அல் கபீர் பக்கத்தில் போர்த்துகல் மன்னன் செபஸ்டியன் பிள்ளையில்லாமல் செத்தான். அதே நாளில் மொரோக்கோ சுல்தான் அப்துல் மலிக் நோயால் பல்லக்கிலேயே உயிர் விட்டார். போர்த்துகீசரைக் கூட்டி வந்த முன்னாள் சுல்தான் ஆற்றில் மூழ்கினார். மூன்று மன்னர்கள், ஒரே நாள். விளைவாக 1580-இல் போர்த்துகல் ஸ்பெயின் மன்னன் கைக்குப் போனது. கொழும்புக் கோட்டையும் சேர்ந்தே போனது. அப்புறம் அறுபது ஆண்டு அப்படித்தான்.

—

மலைநாடன்:

வட்டெழுத்துவிடம் நேராகவே கேட்கிறேன். மொரோக்கோவுக்கு "1,200 ஆண்டு முடியாட்சி" என்று சொல்லப்படுவது அரண்மனை எழுதிய வரலாறு. நிஜத்தில் நாடு இரண்டாகத்தான் இருந்தது. வரி கொடுத்த சமவெளி மக்ஸன் நிலம். வரி கொடுக்காத மலையும் பாலையும் ஸீபா நிலம். சுல்தான் வரி வாங்க வேண்டுமென்றால் படையும் கூடாரமுமாகக் கிளம்பிப் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் வலிமையான சுல்தான் முதலாம் ஹசன் தன் காலத்தில் பெரும்பகுதி கூடாரத்தில்தான் இருந்தார். 1894 ஜூனில் தாத்லா பகுதியில் அப்படி ஒரு பயணத்தில் இறந்தபோது, அரண்மனைப் பொறுப்பாளர் பா அஹ்மத் சாவை மறைத்தார். சுற்றியிருக்கும் குலங்களுக்குத் தெரிந்தால் முகாமையே சூறையாடிவிடுவார்கள் என்று பயம். மூடிய பல்லக்கில் உடலை வைத்து, சுல்தான் களைப்பாக இருக்கிறார் என்று சொல்லி, கோடை வெயிலில் ரபாத் நோக்கி விரட்டிக்கொண்டு போனார்கள். செத்த சேதி தெரிந்தாலே கலைந்துவிடக்கூடிய அரசை எப்படித் தொடர்ச்சியான அரசு என்பது?

—

வட்டெழுத்து:

நியாயமான கேள்வி. இதே ஸீபா குலங்கள் வெள்ளிக்கிழமை குத்பா உரையில் யார் பெயரைச் சொன்னார்கள்? சுல்தான் பெயரைத்தான். வரி கொடுக்க மாட்டோம், உன் அதிகாரி உள்ளே வரக்கூடாது, ஆனால் நீ எங்கள் இமாம். நமக்கு முரணாகத் தெரிகிறது. அவர்களுக்கு அப்படி இல்லை. கலகம் செய்தவர்களும் முடியாட்சியே வேண்டாம் என்று பெரும்பாலும் சொல்லவில்லை. இவரைவிடத் தகுதியான இன்னொரு ஷரீஃபை (நபி வழிவந்தவரை) தேடினார்கள். 1465-இல் ஃபெஸ் மக்கள் கடைசி மரீனித் சுல்தானைக் கொன்றபோது யாரைத் தலைமையில் வைத்தார்கள்? இத்ரீஸ் வழிவந்த ஒரு ஷரீஃபை. அதற்குப் பிறகு வந்த சஅதிகளும் ஷரீஃப்கள், 1666-இல் ஃபெஸ்ஸுக்குள் நுழைந்த அலவிகளும் ஷரீஃப்கள். நான் தொடர்ச்சி என்று சொல்வது எல்லைக்கோட்டையோ வரிப்புத்தகத்தையோ இல்லை. யார் ஆளத் தகுந்தவர் என்ற ஒப்புதலை.

—

பொருநை:

அரபு, பெர்பர் என்று இரண்டு பேரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் அங்கே எப்போதும் இருந்தது. அவர்கள் தயவில்தான் அலவி வம்சம் நிலைத்தது.

மௌலாய் இஸ்மாயில் (1672–1727) குலப்படைகளை நம்பவில்லை. தன்னைத் தவிர யாருக்கும் கடமைப்படாத படை வேண்டும் என்று கறுப்பின ஆண்களை நாடு முழுக்கப் பிடித்துச் சேர்த்தார். அடிமைகளை மட்டும் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சுதந்திரமாக வாழ்ந்த ஹராத்தீன்களையும் பதிவேட்டில் எழுதி அடிமையாக்கினார். புகாரி ஹதீஸ் தொகுப்பின் மேல் சத்தியம் வாங்கியதால் அபீத் அல் புகாரி என்று பெயர். சுதந்திரமான முஸ்லிமை அடிமையாக்க மார்க்கத்தில் இடமில்லை என்று ஃபெஸ் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சிலர் எதிர்த்தார்கள். அப்துஸ்ஸலாம் ஜஸ்ஸூஸ் என்பவர் கடைசிவரை பதிவேட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். சொத்தைப் பிடுங்கினார்கள், சிறையில் போட்டார்கள், 1709-இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஒப்புதல், பைஅத் என்று பெருமையாகப் பேசுகிறோம். யாரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவே இல்லை என்றும் பார்க்க வேண்டும். எனக்கு இந்த நாட்டு வரலாற்றில் யாரையாவது பெயர் சொல்லி மதிக்கத் தோன்றினால் அது அந்த ஜஸ்ஸூஸ்தான்.

—

வட்டெழுத்து:

பொருநை, இது இழையில் இருக்க வேண்டிய பதிவு. மறுக்க எதுவுமில்லை.

—

செங்காந்தள்:

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். தலைப்புக் கேள்வி அரசியல் ஆனது அப்போதுதான்.

1912 மார்ச் 30-இல் ஃபெஸ் ஒப்பந்தம். பிரான்ஸும் ஸ்பெயினும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. சுல்தான் பெயருக்கு இருந்தார். எதிர்த்து நின்றது பெரும்பாலும் பெர்பர் மலைகள்தான். வடக்கே ரீஃப் மலைப்பகுதியில் அப்துல் கரீம் 1921-இல் அன்வால் போரில் ஸ்பானியப் படையை நசுக்கி, தனிக் குடியரசே அமைத்தார். அதை 1926-இல் அடக்க இரண்டு ஐரோப்பியப் படைகள் சேர்ந்து வர வேண்டியிருந்தது.

1930 மே 16-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஆணை போட்டார்கள். பெர்பர் பகுதிகளுக்கு ஷரீஅத் வேண்டாம், அவர்கள் வழக்கச் சட்டப்படி தனி நீதிமன்றம். பார்த்தால் பெர்பர் பண்பாட்டுக்கு மரியாதை போலத் தெரியும், நோக்கம் பிரிப்பது. இருபது வயது சுல்தான் ஐந்தாம் முஹம்மது முத்திரை வைத்தார். ஸலே நகரப் பள்ளிவாசல்களில், பஞ்சம் வறட்சி என்றால் ஓதுகிற லதீஃப் பிரார்த்தனையை ஓதினார்கள். கடைசியில் "எங்களை எங்கள் பெர்பர் சகோதரர்களிடமிருந்து பிரித்துவிடாதே" என்று சேர்த்துக்கொண்டார்கள். அது ஃபெஸ்ஸுக்கும் மற்ற ஊர்களுக்கும் பரவியது. மொரோக்கோவின் தேசிய இயக்கமே அங்கிருந்துதான் கிளம்பியது. 1953-இல் சுல்தானை நாடு கடத்தினார்கள், 1955 நவம்பரில் திரும்பினார், 1956-இல் விடுதலை.

எனக்கு வலிக்கிற இடம் இதற்கு அடுத்தது. பிரிக்காதே என்று இறைவனிடம் வேண்டிய அதே இயக்கம், விடுதலைக்குப் பிறகு பெர்பர் மொழி என்று யாராவது வாய் திறந்தால் பிரெஞ்சுக்காரன் சூழ்ச்சி என்றது. பள்ளி, நீதிமன்றம், அலுவலகம் எல்லாம் அரபு, அதற்கு மேலே பிரெஞ்சு. 1958–59-இல் ரீஃப் மக்கள் வேலையும் பிரதிநிதித்துவமும் கேட்டுக் கிளம்பியபோது, இளவரசர் ஹசன் தலைமையில் படை போய் அடக்கியது.

—

கீழக்கரைவாசி:

இப்போது நிலைமை என்ன? ஏதோ சட்டம் மாறியது என்று கேள்விப்பட்டேன்.

—

செங்காந்தள்:

மாறியது. 2001-இல் ஆறாம் முஹம்மது அமாசிக் (பெர்பர்கள் தங்களை அழைக்கும் பெயர்) பண்பாட்டுக்கென்று அரச நிறுவனம் தொடங்கினார். 2003-இல் பழைய திஃபினாக் எழுத்தை அதிகார எழுத்தாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டே சில தொடக்கப் பள்ளிகளில் பாடம் வந்தது. 2011 அரசியலமைப்பில் அரபுக்குப் பக்கத்தில் அமாசிக்கும் ஆட்சிமொழி. 2024 ஜனவரியில் அமாசிக் புத்தாண்டு முதல் முறையாக அரசு விடுமுறை ஆனது. இன்னொரு தகவல்: இன்றைய மன்னரின் தாயார் மத்திய அட்லஸின் ஸயான் பெர்பர் குடும்பம்.

—

வட்டெழுத்து:

அப்படியென்றால் கென்ஸாவிலிருந்து இன்றுவரை தந்தை ஷரீஃப், தாய் பெர்பர் என்கிற ஏற்பாடு அவ்வப்போது திரும்பி வருகிறது. என் வாதத்துக்கு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அரபு வம்சம் அரியணையில் இருந்ததால் மலைமொழி சாகவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகள் அது உயிரோடுதான் இருந்தது. அதைக் குறைத்தது பள்ளிக்கூடமும் வானொலியும் காசாபிளாங்கா ஆலைகளுக்கு மக்கள் இடம்பெயர்ந்ததும்தான்.

—

மலைநாடன்:

மலைக்கு அது சரி. சமவெளிக்குச் சரி வராது. ஸலேவுக்குத் தெற்கே அட்லாண்டிக் கரையில் தாமஸ்னா என்ற நிலம் இருந்தது. 740 கிளர்ச்சிக்குப் பிறகு அங்கே பர்கவாத்தா என்ற பெர்பர் அரசு எழுந்தது. தங்கள் மொழியிலேயே 80 அத்தியாயத்தில் ஒரு வேதம் வைத்திருந்தார்கள் என்று அந்தலூஸ் புவியியலாளர் அல் பக்ரி எழுதுகிறார். முந்நூறு ஆண்டுக்கு மேல் தாக்குப் பிடித்தார்கள். அல்மொராவித் குரு இப்னு யாசீன் 1059-இல் செத்தது அவர்களோடு போரிட்டுத்தான். கடைசியில் அவர்களை முடித்தவர்கள் அல்மொஹாத்கள், அதாவது பெர்பர்கள். காலியான அந்தச் சமவெளியில் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பனூ ஹிலால் அரபுக் குலங்களைக் கொண்டுவந்து குடியேற்றியதும் அதே அல்மொஹாத் கலீஃபாக்கள்தான், படைக்கு ஆள் வேண்டும் என்று. அங்கே இன்று பேசுவது மொரோக்கோ அரபு; அந்த வேதத்தின் மொழியில் சில வரிகளும் சொற்களும் தவிர எதுவும் மிஞ்சவில்லை. மொழி போனது பள்ளிக்கூடத்துக்கு எழுநூறு ஆண்டுகள் முன்னால். அதற்கான ஆணையைப் போட்ட கை பெர்பர் கை. உங்கள் வாதத்துக்கு இது சாதகமா பாதகமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.